பிரேக் மிதிக்காத ஐவி

லிந்துலை கடைவீதியில் யாரிடமாவது, "வெறுங்காலோட ஜீப் ஓட்டுற அம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. வெற்றிலைக் கடைக்காரர் வானத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஐவி அக்காவா? மேல மழை பலமா இருக்கு. பத்து நிமிசம் பிந்தும். ஆனா வரும்" என்பார்.

ஆனா வரும். ஊசிமலைத் தோட்டத்தின் மேற்கணக்கில் வாழும் அறுபது குடும்பங்களும் ஆறு வருடமாக நம்பியிருப்பது அந்த இரண்டு சொற்களைத்தான்.

மேற்கணக்கு என்பது தோட்டத்தின் உச்சிப் பிரிவு. அதற்கு மேலே காடு, காட்டுக்கு மேலே மேகம். பல நாட்களில் அந்த மேகமும் இறங்கி வந்து லயத்து வீடுகளின் இஸ்தோப்பில், முன் திண்ணையில், விருந்தாளி போல உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து பெரிய ரோட்டுக்கு ஒன்பது மைல். முதலில் ஒரு களிமண் ஏற்றம், பிறகு மலையின் முதுகு, அதன்பின் ஏழு முடக்குகள் வளைந்து வளைந்து இறங்கும். வெயில் காலத்தில் புழுதி. மழை பெய்தால் சிவப்புக் களி. அதன்மேல் தண்ணீரும் ஓடினால் எண்ணெய் ஊற்றிய பலகைதான். தை மாத விடியலில் புல்லெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். கொங்கிரீட் போட்ட துண்டுகளில் பனி கண்ணாடி போல உறைந்து, கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும்.

அந்த ரோட்டில் பேறுகாலப் பெண்களையும், காய்ச்சல் பிள்ளைகளையும், கரட் மூட்டைகளையும், கல்யாணப் பலகாரத்தையும் இறக்கி ஏற்றுகிறவள் ஐவி. வயது நாற்பத்தொன்று. ஒடிசலான உடம்பு. ஆசனத்தில் ஒரு தலையணை போட்டால்தான் முன்கண்ணாடிக்கு மேலே முகம் தெரியும். ஏறியதும் பாட்டாவைக் கழற்றி ஆசனத்துக்கு அடியில் தள்ளிவிடுவாள். "செருப்பு போட்டுக்கிட்டா ஜீப்பு என்னா சொல்லுதுன்னு காலுக்குக் கேக்காது" என்பது அவள் கட்சி.

அந்த ஜீப் முதலில் அவளுடையதல்ல. அவள் கணவன் மேர்வினுடையது.

மேர்வின் அந்த மலையிலேயே பெயர் போன டிரைவர். ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றி, மறு கையால் மீசையைத் தடவிக்கொண்டு ஏழு முடக்கையும் இறங்குவான். ஆறு வருடத்துக்கு முன்பு, ஒரு மழை நாளில், பத்து வயது மகள் றொசானாவைப் பக்கத்தில் உட்காரவைத்து இறங்கிக்கொண்டிருந்தபோது, ஐந்தாவது முடக்கில் ஜீப் கையை மீறியது. கருங்கல் முடக்கு என்பார்கள் அதை. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் தேயிலை மலை சரிந்து இறங்கும் பள்ளம். றொசானா தூக்கி எறியப்பட்டுத் தேயிலைச் செடிகளின் மேல் விழுந்தாள். ஒரு கீறலோடு தப்பினாள். மாதா காப்பாற்றினாள் என்று இன்றும் சொல்வார்கள். ஆனால் மேர்வினின் வலது கால் ஜீப்புக்கு அடியில் நசுங்கிப் போனது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"பிரேக் புடிக்கல." கண் விழித்ததும் மேர்வின் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அதற்கு இரண்டு நாளைக்கு முன்புதான் லிந்துலை மெக்கானிக் வீரய்யா அந்த ஜீப்பின் பிரேக்கைக் கழற்றிப் பூட்டியிருந்தான். வேறென்ன வேண்டும்? ஊர் வாய் அவன்மேல் பாய்ந்தது. தோட்டத்து வண்டிகள் அவன் கராஜுக்குப் போவதை நிறுத்தின. வீரய்யா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தாலும், கால் போனவனின் சொல்லுக்கு முன்னால் கால் உள்ளவனின் சொல்லை யார் கேட்பார்கள்?

ஐவி அப்போது கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். விபத்துக்குப் பிறகு மூன்றாம் மாதம், ஒரு நாள் வேலை முடிந்ததும், தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் வீரய்யாவின் கராஜுக்குப் போய் நின்றாள். இழுத்து வந்து போட்ட ஜீப் அங்கே ஒரு மூலையில் கிடந்தது.

"வீரய்யா அண்ணே, இத ஓட்டுற மாதிரி ஆக்கித் தாங்க."

"யாரு ஓட்டப்போறா?"

"நாந்தான்."

வீரய்யா சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜீப்பின் கதவைத் திறந்தான். "முதல்ல இத கையால அமுக்கிப் பாருங்க" என்று பிரேக் மிதியைக் காட்டினான்.

ஐவி குனிந்து இரண்டு கையாலும் அமுக்கினாள். கல் மாதிரி நின்றது. குழாய் ஒன்றும் உடையவில்லை. எண்ணெய் ஒரு சொட்டும் குறையவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. நிமிர்ந்து வீரய்யாவின் முகத்தைப் பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "மேர்வின் எப்படி இருக்காரு? சாப்புடுறாரா?" என்று மட்டும் கேட்டான்.

அந்த இடத்திலேயே அவள் அழுதிருக்கலாம். அழவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஜீப்பின் ஒரு ஆணி கழன்றாலும் வீரய்யாவிடம்தான் கொண்டுபோவாள். "புருசன் கால ஒடச்சவன்கிட்டயே போறா பாரு, ரோசம் கெட்டவ" என்று பீலிக்கரையில் பேசுவது காதில் விழும். குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவாள். புருசனிடமும் கேட்டதில்லை. காலை இழந்தவனிடமிருந்து பெயரையும் பறிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் தினமும் ஜெபமாலை உருட்டும்போது வீரய்யாவின் பெயரையும் சேர்த்தே சொல்வாள்.

ஓட்டப் பழகியது பந்து விளையாடும் திடலில். மதில்மேல் இளவட்டங்கள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். "ஐவி அக்கா, அது கொழுந்துக் கூடை இல்ல, ஸ்டியரிங்கு! கட்டிப் புடிக்காதீங்க!"

"ஒங்க ஆத்தாளுக்கு வலி எடுக்கிற அன்னிக்கு வந்து நிப்பீங்கல்ல, அப்ப பேசிக்கிறேன்டா!" என்று அவளும் விடமாட்டாள்.

மேர்வின் இஸ்தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பான். வாய் திறக்கமாட்டான்.

கியருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கம்பிகள் அந்த ஜீப்பில் உண்டு. ஒன்றுக்கு மஞ்சள் குமிழ், ஒன்றுக்குச் சிவப்புக் குமிழ். மஞ்சளை அமுக்கினால் பின் சக்கரங்களோடு முன் சில்லும் சேர்ந்து இழுக்கும். சிவப்பை இழுத்தால் நான்கு சில்லும் சேர்ந்து, ஆமை மாதிரி மெதுவாக, யானை மாதிரி பலமாக நடக்கும். ஆனால் கம்பியை மட்டும் போட்டால் போதாது. இறங்கிப்போய், முன் சில்லு இரண்டின் நடுவிலும் இருக்கும் வட்டப் பூட்டைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். ஹப் என்பார்கள் அதை. ஒரு பக்கம் மறந்தாலும் முன் சில்லு இரண்டும் சும்மா வரும்.

இதையெல்லாம் வீரய்யா சொல்லச் சொல்ல, ஐவிக்குத் தன் கால்தான் ஞாபகம் வந்தது. முதுகில் இருபது கிலோ பச்சைக் கொழுந்து, மேலே மழை, கீழே வழுக்கும் செங்குத்து. அப்படி எத்தனை ஆயிரம் தரம் இறங்கியிருப்பாள்! சறுக்கும்போது சடாரென்று நிற்கப் பார்த்தவள்தான் விழுவாள். ஓடியவளும் விழுவாள். குதிகாலை ஊன்றி, சின்னச் சின்ன அடியாக, நிற்காமல் ஓடாமல் இறங்குகிறவள் மட்டுமே கொழுந்தைத் தராசுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

"அவ்வளவுதானா? மூட்டையோட மலை எறங்குற மாதிரி எறக்கணும்" என்றாள்.

"அதேதான்" என்றான் வீரய்யா, கொஞ்சம் திகைத்து.

ஒரு தை மாதம் நடந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. விடியற்காலை, நுவரெலியாவுக்கு லீக்ஸ் மூட்டை ஏற்றிப் போகிறாள். கொங்கிரீட் எல்லாம் உறைபனி. வழியில் ஒரு பெரிய புத்தம்புது வாகனம், கொழும்புக்காரருடையது, ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் மூக்கை நுழைத்துக் கிடக்கிறது. குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற அந்த மகாத்மயா, ஐவியின் ஜீப்பைக் கண்டதும் ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்து, "நங்கி, ட்ரைவர் கோ?" என்றாராம். தங்கச்சி, டிரைவர் எங்கே?

"மம தமய்" என்றாள் ஐவி. நான்தான்.

மனிதர் தன் வாகனத்தைக் காட்டிப் புலம்பினார். இதிலும் ஃபோர் வீல் இருக்கிறதாம், எல்லாம் தானாகவே வேலை செய்யுமாம், அப்படியும் இறக்கத்தில் பிரேக் போட்டதும் வழுக்கிவிட்டதாம். ஐவி கயிற்றைக் கட்டிக்கொண்டே தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள்: "மகாத்மயா, ஃபோர் வீலு நம்மள ஏத்திவிடும். நிப்பாட்டாது. நிப்பாட்டுறது நாலு டயரும் தரையும்தான். தரையில பனி இருந்தா யாரு கேட்டும் நிக்காது."

சிவப்புக் குமிழை இழுத்து, ஆக்சிலேட்டரைப் பூவைத் தொடுவதுபோல் தொட்டு, அந்தப் பெரிய வண்டியைக் கானிலிருந்து எடுத்துவிட்டாள். வீடு வந்து இதைச் சொன்னபோது றொசானா கைதட்டிச் சிரித்தாள். மேர்வின் மட்டும் சட்டென்று எழுந்து, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான்.

ஏனென்று ஐவிக்குத் தெரியும். ஃபோர் வீலைப் போட்ட தைரியத்தில் வேகமாக இறங்கி, முடக்கில் பிரேக்கை மிதித்து, நான்கு சில்லையும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சறுக்கிப்போன இன்னொருவனின் கதையும் அதுதானே!

மேர்வின் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தான். மழை நாளில் றொசானா அந்த ஜீப்பில் ஏறக்கூடாது. "யார வேணும்னாலும் ஏத்திக்கிட்டுப் போ. எம் புள்ளைய மட்டும் வேணாம். அந்த பிரேக்க நம்ப ஏலாது." ஐவி அதை ஆறு வருடமும் காப்பாற்றினாள். மழையென்றால் மகள் குடையோடு குறுக்குப் பாதையில் நடந்துதான் பள்ளிக்கூடம் போவாள்.

அந்த நிபந்தனை உடைந்தது சாதாரண தரப் பரீட்சையின் கணக்குப் பேப்பர் அன்று.

இப்போதெல்லாம் பரீட்சை எந்த மாதத்தில் வருமென்று எழுதும் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. அந்த வருடம் வைகாசி மழையில் வந்து விழுந்தது. மேற்கணக்கிலிருந்து நாலு பிள்ளைகள் எழுதினார்கள். றொசானா ஒருத்தி, லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் லெட்சுமியின் மகன் கஜேந்திரன் ஒருவன். கணக்கில் தவறினால் மேலே படிக்க வழியில்லை. வழியில்லை என்றால் அந்த மலையில் என்ன அர்த்தமென்று எல்லாருக்கும் தெரியும். கடையில் நிற்க கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும்.

விடிய விடியக் கொட்டித் தீர்த்தது. பிள்ளைகளை ஏற்ற வரவேண்டிய தோட்டத்து லொறியின் டிரைவர் ஆறரை மணிக்கு போன் அடித்தான். "ஏற முடியல. கீழ் முடக்குலயே டயர் சுத்துது. நான் கீழயே நிக்கிறேன்." குறுக்குப் பாதையில் ஓடையைக் கடக்கும் மரப்பாலம் போய்விட்டது. ரோட்டால் நடந்தால் மூன்று மணி நேரம். எட்டரைக்குப் பேப்பர், ஒன்பது தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள்.

ஐவி ஜீப்பின் சாவியை எடுத்தாள்.

"றொசானா ஏற மாட்டா" என்றான் மேர்வின், இஸ்தோப்பிலிருந்து.

"அப்பா!" என்று றொசானா அலறினாள். கையில் அனுமதி அட்டை, பிளாஸ்டிக் உறைக்குள். "நான் எழுதணும்ப்பா!"

"அடுத்த வருசம் எழுதலாம். உசுரு அடுத்த வருசம் வராது."

ஐவி ஜீப்பிலிருந்து கையை எடுத்தாள். திரும்பி வந்து கணவனுக்கு முன்னால் நின்றாள். மழை அவள் தலையிலிருந்து வழிந்து அவன் மடியில் சொட்டியது.

"இந்தாங்க. ஆறு வருசம் நீங்க சொன்னத நான் கேட்டேன். இன்னைக்கு ஒரு தரம் நான் சொல்றத நீங்க கேளுங்க. நீங்களும் வாங்க. முன்னால உக்காருங்க. எங்க வேணாம்னு தோணுதோ அங்க சொல்லுங்க, நிப்பாட்டி எல்லாரையும் எறக்கிடுறேன்."

அந்த ஜீப்பில் அவன் ஏறி ஆறு வருடம் ஆகியிருந்தது. மகளைப் பார்த்தான். பிறகு ஊன்றுகோலை எடுத்தான்.

ஐவி வலது சில்லின் ஹப்பைப் பூட்டினாள். இடது பக்கம் வந்தபோது, மேர்வின் ஏற முடியாமல் தடுமாறினான். ஓடிப்போய் அவனைத் தாங்கி ஏற்றி, ஊன்றுகோலை உள்ளே வைத்து, கதவைச் சாத்தினாள். நாலு பிள்ளைகளும் பின்னால் ஏறினார்கள். முன்னால் ஒட்டியிருந்த மாதா படத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். அதற்குப் பக்கத்தில் லெட்சுமி என்றோ வைத்துவிட்ட மாரியம்மன் குங்குமமும் இருந்தது, அதையும் தொட்டாள். கிளம்பினாள்.

களிமண் ஏற்றத்தின் பாதியிலேயே ஜீப் உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. பின் சில்லு சேற்றை வாரி இறைத்தது. ஐவி உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். எடுக்காவிட்டால் சில்லு தனக்குத்தானே குழி தோண்டிவிடும். மஞ்சளும் சிவப்பும் சரியாகத்தான் இருந்தன. ஏன் முன் சில்லு இழுக்கவில்லை?

"எடது ஹப்ப நீ பூட்டல" என்றான் மேர்வின், கண்ணை முன்னாலிருந்து எடுக்காமல். "என்னைய ஏத்துற அவசரத்துல மறந்துட்ட."

ஆறு வருடத்தில் அந்த ஜீப்பை ஓட்டுவது பற்றி அவன் அவளுக்குச் சொன்ன முதல் பேச்சு. அவள் குதித்து இறங்கி, முழங்கை வரை சேற்றில் விட்டு ஹப்பைத் திருகினாள். ஆனால் பின் சில்லு அதற்குள் ஒரு சாண் புதைந்திருந்தது.

அப்போதுதான் லயத்திலிருந்து லெட்சுமி ஓடி வந்தாள். தலையில் ஒரு கட்டு மிலாறு. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள். மழைக்காலத்துக்கென்று கூரைக்கடியில் அடுக்கிக் காயவைத்த விறகு. அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு கட்டோடு. சில்லுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு மிதித்தார்கள்.

"போடுங்கடி, நல்லாப் போடுங்க! இன்னைக்கு ராவைக்கு ஒருத்தி வீட்லயும் அடுப்பு எரியாது!" லெட்சுமி மகனைப் பார்த்துக் கத்தினாள். "டேய் கஜேந்திரா! நீ மட்டும் பெயிலாகிட்டு வா, ஒன்னையத்தான் அடுப்புல வைப்பேன்!"

பிள்ளைகள் அந்தப் பயத்திலும் சிரித்துவிட்டார்கள். நான்கு சில்லும் மிலாறைக் கடித்து, நொறுக்கி, மெல்ல மேலே ஏறின. பெண்கள் கூட்டமாகக் குலவை போட்டார்கள்.

மலை முதுகைத் தாண்டியது. இறக்கம் தொடங்கியது.

சிவப்புக் குமிழ், இரண்டாவது கியர். ஐவி கிளச்சைத் தொடவில்லை, பிரேக்கைத் தொடவில்லை. வலது காலை மடக்கி ஆசனத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். எஞ்சின் தானே முனகி முனகி ஜீப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு முடக்கிலும் மேர்வின் தன் இல்லாத காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பதை அவள் கடைக்கண்ணால் பார்த்தாள். வேட்டிக்கடியில் அந்தத் தொடை விறைத்து விறைத்து அடங்கியது.

நான்கு.

கருங்கல் முடக்கு வந்தது. பாறையிலிருந்து தண்ணீர் ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. முன் சில்லு அதில் இறங்கியதும் ஜீப்பின் பின்பக்கம் மெதுவாக, மிக மெதுவாக, பள்ளத்தை நோக்கித் திரும்பத் தொடங்கியது. பின்னால் ஒரு பிள்ளை "அம்மா!" என்றது. அது றொசானாவின் குரல்.

எத்தனையோ உயிர்களை அந்த முடக்கில் பத்திரமாக இறக்கியவள் ஐவி. ஆனால் பெற்ற பிள்ளையின் குரல் முதுகில் விழுந்ததும், ஆறு வருடம் படித்த பாடமெல்லாம் ஒரு கணம் அழிந்துபோயிற்று. மடக்கி வைத்த வலது கால் தானாக நீண்டது. வெறும் பாதம் பிரேக்கின் குளிர்ந்த இரும்பைத் தொட்டேவிட்டது.

"மிதிக்காத!"

மேர்வின் கத்தினான். மலையே கேட்கும்படி கத்தினான்.

"மிதிக்காத ஐவி! அன்னிக்கு நான் மிதிச்சேன்! மிதிச்சதுனாலதான் போச்சு! பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு! மிதிக்காத!"

அவள் பாதம் நெருப்பைத் தொட்டதுபோல் விலகியது. ஸ்டியரிங்கைச் சறுக்கும் பக்கமாகவே கொஞ்சம் திருப்பினாள். ஆக்சிலேட்டரை நுனிவிரலால் தொட்டாள். பூட்டிக்கொள்ள இருந்த சில்லுகள் மறுபடி உருண்டன. உருண்ட சில்லுகள் தரையைப் பிடித்தன. ஜீப் ஒரு தரம் குலுங்கி, நிமிர்ந்து, தண்ணீரைக் கடந்து, மூட்டையோடு மலை இறங்கும் பெண்ணைப் போல ஆடி ஆடி நடந்து போனது.

ஆறாம் முடக்கு தாண்டிய பிறகு மேர்வின் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

"உனக்கு..." என்றான்.

"தெரியுங்க" என்றாள் ஐவி. "மூணாம் மாசமே தெரியும்."

"ஏன்டி கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து மேர்வினின் தோளில் படிந்தது. றொசானாவின் கை. அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே பெரிய ரோடு வரை வந்தான்.

எட்டு இருபத்திரண்டுக்குப் பரீட்சை மண்டபத்தின் வாசலில் நாலு பிள்ளைகளும் குதித்து ஓடினார்கள். கண்காணிப்பாளர் அம்மா சேற்றில் தோய்ந்த அந்த ஜீப்பையும், வெறுங்காலோடு நின்ற ஐவியையும் பார்த்துவிட்டு, றொசானாவின் தலையைத் துடைக்கத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

மணி அடித்தது. ஐவி ஜீப்பின் படியில் உட்கார்ந்து, அன்று முதன்முறையாக மூச்சு விட்டாள்.

"பேப்பர் முடிய நேரம் இருக்கு" என்றான் மேர்வின். "வீரய்யா கராஜுக்குப் போவோம்."

"இப்பவா?"

"இப்ப போகலைன்னா எனக்கு மறுபடியும் தைரியம் வராது."

கராஜில் மூன்று நாலு பேர் இருந்தார்கள். தேநீர் குடிக்க வந்தவர்கள், ஓட்டோக்காரர்கள். மேர்வின் ஊன்றுகோலை ஊன்றி, அவர்கள் எல்லாருக்கும் நடுவில் போய் நின்றான். வீரய்யா ஒரு லொறிக்கடியிலிருந்து வெளியே வந்தான்.

"வீரய்யா. அன்னிக்கு பிரேக்கு நல்லா இருந்துச்சு. நாந்தான் ஃபோர் வீல் இருக்குன்னு வேகமா எறங்கி, முடக்குல மிதிச்சேன். எம் பேரக் காப்பாத்திக்க ஒங்க பேர வித்துட்டேன். இவங்க எல்லாரும் கேக்கட்டும்."

ஓட்டோக்காரர் ஒருவர் கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். ஆறு வருடத்து அவமானத்தை எப்படி விழுங்கினான் என்பதை வீரய்யாதான் அறிவான். அவன் கைத்துணியால் முகத்தைத் துடைத்தான். துடைத்ததில் கரிதான் கூடியது.

"அது எனக்குத் தெரியும் மேர்வின்" என்றான் கடைசியில். பிறகு ஐவியைக் காட்டினான். "எனக்கு ஒரு கொறதான் இருக்கு. இந்த அம்மா ஆறு வருசத்துல ஒரே ஒரு தரம்தான் பிரேக் கட்டை மாத்தியிருக்கு. எல்லாரும் இப்படி ஓட்டுனா நான் எப்படிப் பொழைக்கிறது?"

முதலில் சிரித்தது ஓட்டோக்காரர். பிறகு வீரய்யா. மேர்வின் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவன் கையைப் பிடித்தான். அந்தக் கரி படிந்த கையை அவன் விட வெகுநேரமாயிற்று.

பேப்பர் முடிந்து பிள்ளைகள் வந்தபோது மழை விடவில்லை. "லேசுப்பா, முக்கோணக் கேள்விதான் கொஞ்சம் கஷ்டம்" என்று ஏறும்போதே சொன்னாள் றொசானா. கஜேந்திரன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் அடுப்பு அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

தோட்டத்து ரோடு தொடங்கும் இடத்தில் ஐவி வழக்கம்போல் ஜீப்பை நிறுத்தினாள். பெரிய ரோட்டில் திறந்துவிட்ட ஹப்பை, சேற்றில் இறங்குமுன் மறுபடி பூட்ட வேண்டும்; இறங்கிய பிறகு பூட்டுவது புத்தியில்லை. அவள் கதவைத் திறப்பதற்குள் இடது பக்கக் கதவு திறந்தது.

மேர்வின் இறங்கினான். ஊன்றுகோலை ஜீப்பில் சாய்த்துவிட்டு, ஒற்றைக் காலை மடக்கி, ஈரத் தரையிலேயே உட்கார்ந்தான். வேட்டி சிவப்பாயிற்று. சில்லின் நடுவிலிருந்த வட்டப் பூட்டை இரண்டு கையாலும் பிடித்தான்.

"என்னாங்க, மழையில..."

"எடது நான் பூட்டுறேன்" என்றான் அவன், நிமிர்ந்து பார்க்காமல். "வலதப் போயி நீ பூட்டு."